பிடித்ததைச் சொல்லிவிடுங்கள்

வலி வந்தால் உடனே தெரிந்துவிடுகிறது. இன்பத்தைத்தான் கவனிக்கத் தவறுகிறோம். மாலையில் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போகிறவர், முகத்தில் காற்று பட்டதும் சற்றுக் கூடுதலாகவே நின்றுவிடுகிறார். அதை மகிழ்ச்சி என்று அவரே கணக்கில் வைப்பதில்லை, படியிறங்குவதற்குள் மறந்துபோகிறது. சிகாகோ லயோலா பல்கலைக்கழக உளவியலாளர் ஃப்ரெட் பிரையன்ட், ஜோசப் வெரோஃபுடன் சேர்ந்து 2007இல் இதைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். நல்லது நடந்தால் மட்டும் போதாது, அதை ஊன்றி அனுபவிப்பது தனித் திறன் என்பது அவர்கள் வாதம். வரப்போவதை எதிர்பார்த்து, நடக்கும்போது லயித்து, முடிந்தபின் நினைத்து என ஓர் இன்பத்தை மூன்று முறை அனுபவிக்கலாம்.

நம் வீடுகளில் இதற்குத் தடை அச்சம்தான். ‘ரொம்பச் சிரிக்காதே, அப்புறம் அழுவே’ என்று பிள்ளைகளை அடக்குகிறோம். கண் பட்டுவிடும் என்று நல்ல சேதியைக்கூட மறைக்கிறோம். இந்தப் பழக்கம் போகவேண்டும் என்றே சொல்வேன். ரசம் இன்று நன்றாக வாய்த்திருக்கிறதா? சமைத்தவரிடம் இலையில் இருக்கும்போதே சொல்லுங்கள். ‘நல்லா இருக்கு’ என்பதோடு நிறுத்தாமல், பிடித்தது மிளகின் காரமா, பூண்டின் மணமா என்பதையும் யோசித்துச் சொல்லுங்கள்.