கோடிங் கற்றால் பிள்ளைகளின் சிந்தனைத்திறன் வளருமா? ஆய்வுகள் சொல்வது என்ன?

‘கோடிங் கத்துக்கிட்டா கணக்கும் நல்லா வரும், யோசிக்கிற திறனும் வளரும்.’ பிள்ளைகளை கோடிங் கிளாசில் சேர்க்கச் சொல்பவர்கள் சொல்வது இதைத்தான். இப்போது ‘டிஎன் ஸ்பார்க்’ திட்டத்தில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கும் கோடிங், ஏஐ பாடங்கள் வந்துவிட்டன. அதனால் இது ஃபீஸ் கட்டுபவர்களின் கேள்வி மட்டும் இல்லை.

இந்தப் பேச்சு புதுசும் இல்லை. கம்ப்யூட்டர் திரையில் ஓர் ‘ஆமை’யை நகர்த்தும் லோகோ மொழியைப் பிள்ளைகளிடம் கொண்டுபோன சீமோர் பேப்பர்ட், 1980லேயே இந்த நம்பிக்கையைப் புத்தகமாக எழுதினார். ஆனால், நியூயார்க்கில் ராய் பீ, மிடியன் கர்லாண்ட் இருவரும் லோகோ படித்த மாணவர்களிடம் வகுப்பறை வேலைகளைத் திட்டமிடச் சொல்லிப் பார்த்தார்கள். லோகோ படிக்காதவர்களைவிட அவர்கள் மேலாகச் செய்யவில்லை.

அப்போ கோடிங் வேஸ்ட்டா?

அப்படியும் சொல்ல முடியாது. நார்வேயின் ரோனி ஷெரர் குழு 2019ல் 105 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. கணக்கு, படைப்பாற்றல் போன்றவற்றில் பலன் தெரிந்தது. மொழித்திறனில் பெரிதாக இல்லை. ஒரு சிக்கலும் உண்டு. எந்தப் பயிற்சியும் பெறாத மாணவர்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பெரிது. வேறு ஏதாவது பயிற்சி பெற்றவர்களோடு ஒப்பிட்டால் அது சுருங்கிவிடுகிறது.

நம் பார்வையில் முக்கியமான ஆய்வு இன்னொன்று. 1988ல் டேவிட் கிளார், ஷரன் கார்வர் இருவரும் புரோகிராம் எழுதுவதோடு நிற்காமல், அதில் தப்பு கண்டுபிடிக்கும் முறையையும் படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தார்கள். என்ன வந்திருக்கணும், என்ன வந்தது, எந்த வரியில் தப்பு இருக்கலாம், அதை மட்டும் திருத்து. அந்த மாணவர்கள் கம்ப்யூட்டரே இல்லாத இடத்திலும், எழுதிவைத்த வழிமுறைகளில் இருந்த பிழைகளை நன்றாகப் பிடித்தார்கள்.

திருவண்ணாமலைக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், பெரிய கோயிலில் இருந்து செங்கம் சாலையில் உள்ள ரமணாசிரமத்துக்கு வெளியூர்க்காரருக்கு வழி எழுதிக் கொடுக்கிறோம். கிரிவலம் போகிற திசைதான், மலை வலப்பக்கம் இருக்கணும். அவருக்கு இடப்பக்கம் தெரிகிறது என்றால் முழுசையும் அழித்து எழுத வேண்டாம். எந்தத் திருப்பத்தில் மாறியது என்று பார்த்து அந்த ஒரு வரியைத் திருத்தினால் போதும்.

நம் ஸ்டேட் போர்டு பிளஸ் 2 கம்ப்யூட்டர் சயின்ஸில் பைத்தான் இருக்கிறது. பிராக்டிக்கலுக்காக அதை மனப்பாடம் செய்தால் மார்க் வரலாம், இந்தப் பழக்கம் வராது. பிள்ளையிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: புரோகிராம் ஓடலைன்னா சார் வந்து திருத்தித் தருகிறாரா, எங்கே தப்புன்னு உன்னையே தேடச் சொல்கிறாரா?