இயங்குதளம் இடம்பெயர்தல்

நெய்யாறு கடலொடு கலக்கும் பூவாரில் கடற்காற்றின் உப்பு உலோகத்தை விரைவில் அரிக்கவல்லது. கணிப்பொறியும் இதற்கு விலக்கன்று. பொறி பழுதுற்றபின்னும் வன்தட்டு நன்னிலையில் இருத்தல் கூடும். அந்நிலையில், மாற்றுப்பொறி வந்தவுடன் அனைத்தையும் புதிதாக நிறுவும் வழக்கம் கைவிடத்தக்கதாகும். பாறசாலைப் பக்கத்தில் தமிழ்வழி கற்பிக்கும் ஆசிரியர் அரிதின் அமைத்துக்கொண்ட தமிழ்த் தட்டச்சு முறையும் எழுத்துருக்களும் அதனால் அழிந்துபடுகின்றன.

கேரளப் பள்ளிகளுக்குக் 'கைட்' நிறுவனம் வழங்கும் இயங்குதளம் உபுண்டு லினக்ஸின் வழிவந்தது. அதனை வேறு பொறிக்குப் பெயர்த்தலை உரிமம் தடுப்பதில்லை. பெரும்பாலான சாதன இயக்கிகள் அதன் கருவோடு இணைந்தே வருவதால், புதிய பொறியை அது தொடங்கும்போதே அறிந்துகொள்ளும். கோப்புகளை வேறொரு வன்தட்டுக்குப் படியெடுப்பின் மட்டும் பிரிவின் அடையாள எண் மாறும். அவ்வெண்ணை 'எஃப்எஸ்டேப்' பட்டியலில் திருத்தி, 'கிரப்' என்னும் தொடக்க நிரலையும் மீண்டும் நிறுவுதல் வேண்டும். இவற்றை மறந்துவிட்டு இயங்குதளத்தைப் பழிப்போரும் உளர்!

பொறியுடன் விற்கப்படும் விண்டோஸின் நிலை வேறு. அதன் உரிமம் பொதுவாக முதற்பொறிக்கே உரியது. நுட்பத்தால் பெயர்த்தாலும் உரிமை உடன்வராது.

எவ்வாறாயினும், பெயர்க்குமுன் பாடக்கோப்புகளுக்கு ஒரு படி எடுத்து வேறிடத்தில் வைத்தல் வேண்டும். உப்புக்காற்றில் இருந்த தட்டு எந்நாளில் நின்றுபோகுமென்று கூறவியலாது.