காவலற்ற பட்டியல்

2024 மார்ச்சில், தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னங்களின் பட்டியலிலிருந்து 18 இடங்களை நீக்க இந்தியத் தொல்லியல் துறை முடிவெடுத்தது. ஹரியானாவின் முஜேசரில் இருந்த கோஸ் மினார் அவற்றில் ஒன்று. முகலாயர் காலப் பெருவழியில் தொலைவு காட்ட எழுப்பிய தூண் அது. இன்று அதைக் காணவில்லை.

1958ஆம் ஆண்டுத் தொன்மைச் சின்னங்கள் சட்டத்தின் 35ஆம் பிரிவின்படி, ஒரு சின்னம் தேசிய முக்கியத்துவத்தை இழந்துவிட்டது என்று அரசு கருதினால் நீக்கிவிடலாம். காக்கத் தவறித் தொலைத்ததையும் இதே பிரிவில் கணக்கு முடிக்கிறார்கள். யார் பொறுப்பில் தொலைந்தது என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை. இது நமக்குக் கோபமூட்டுகிறது.

தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2013 அறிக்கைப்படி, நேரில் ஆய்வு செய்த 1,655 சின்னங்களில் 92 காணாமல் போயிருந்தன. சில பிறகு கண்டுபிடிக்கப்பட்டன. காவலுக்கு 7,000 பேர் தேவைப்பட, இருந்தவர்கள் 2,578 பேர், அதுவும் 248 இடங்களில் மட்டும் என்று நாடாளுமன்றக் குழு ஒன்று பின்னர் வருந்தியது. பட்டியலில் இருப்பவையோ ஏறத்தாழ 3,700.

தேர்விலேயே கோளாறு தொடங்குகிறது. பட்டியலின் பெரும்பகுதி காலனி ஆட்சியில் சேர்க்கப்பட்டது. இன்றும் நூறாண்டு கடந்த ஓரிடத்தை மத்திய அரசு தேர்ந்து அறிவிக்கும். ஆட்சேபம் இருந்தால் இரண்டு மாதத்துக்குள் சொல்லலாம். எதிர்க்க வழி வைத்த சட்டம், மக்கள் முன்மொழிய வழி வைக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் தேசியப் பட்டியலுக்கு யாரும் ஓரிடத்தைப் பரிந்துரைக்கலாம். வல்லுநர் குழு ஆராயும், அமைச்சர் முடிவெடுப்பார்.

ஊர் மக்களால் என்ன முடியும் என்பதை மேலூர் அருகே அரிட்டாபட்டியில் பார்த்தோம். தமிழிக் கல்வெட்டும் சமணப் படுக்கைகளும் பாண்டியர் குடைவரையும் சுனைகளும் ஒரே மலைத்தொடரில் இருக்கும் ஊர். 2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்பு இருந்தும், 2024இல் டங்ஸ்டன் சுரங்கத்துக்காக ஏலம் விட்ட பரப்பில் அதன் ஒரு பகுதியும் சேர்ந்திருந்தது. கிராம சபைகள் தீர்மானம் போட்டன. மக்கள் மதுரைக்கு நடந்தார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது.

ஆகவே நம் கோரிக்கை இரண்டு. ஓரிடத்தைப் பட்டியலுக்கு முன்மொழியும் உரிமை கிராம சபைக்குச் சட்டத்திலேயே வேண்டும். காணாமல் போனதை நீக்குமுன், அது எப்போது, எப்படிப் போனது என்று துறை எழுத்தில் பதில் சொல்ல வேண்டும்.