பாஸ் புத்தகத்தில் பெயரில்லாத வரிகள்

நோயுற்றவரின் படுக்கையருகே இருப்போர் சுமக்கும் பையில் மருத்துவச் சீட்டு இருக்கும், பரிசோதனை அறிக்கைகள் இருக்கும், காப்பீட்டு அட்டையும் ஆதார் நகலும் இருக்கும். அவற்றுக்கு அடியில் வங்கிப் பாஸ் புத்தகமும் கிடக்கும். அதைப் பிரித்துப் பார்க்க நேரம் வாய்ப்பதில்லை. வீட்டின் வரவு செலவை இதுநாள் வரை கவனித்து வந்தவரே படுத்துவிட்டால், அப்புத்தகம் முதன்முறையாக மனைவியின் கைக்கோ மகளின் கைக்கோ வருகிறது. அப்போதுதான் புரியாத வரிகள் கண்ணில் படுகின்றன. 1,000 ரூபாய் வந்திருக்கிறது. அனுப்பியவர் யாரென்று தெரியவில்லை. 436 ரூபாய் போயிருக்கிறது; எதற்கென்று தெரியவில்லை. "பேங்கில் ஏதாவது பிடித்திருப்பார்கள்" என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அவ்வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும் என்பது என் கருத்து. மருத்துவச் செலவில் திணறும் குடும்பங்களுக்கு அது மற்றவர்களைக் காட்டிலும் அவசரமான வேலை.

காஞ்சிபுரத்தார்க்கு இச்சிக்கல் புதிதன்று. 2023 செப்டம்பர் 15, அறிஞர் அண்ணாவின் பிறந்த நாளன்று, அவர் பிறந்த இவ்வூரில்தான் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. 1 கோடியே 6 லட்சத்துக்கும் மேற்பட்ட மகளிர்க்கு மாதம் 1,000 ரூபாய். கணக்கு செயற்பாட்டில் உள்ளதா என்று அறிய, அதற்கு முன்னரே சோதனையாக 1 ரூபாய் அனுப்பப்பட்டது. அந்த ஒற்றை ரூபாயைக் கண்டு இது ஏதோ மோசடியின் முன்னோட்டம் என அஞ்சியவர்களும் இருந்திருப்பர்; அச்சத்தில் தவறில்லை. பிறகு 1,000 ரூபாய் வந்தது. வந்த வேகத்தில் சிலருடைய கணக்கில் அது குறைந்தும் போயிற்று. குறைந்தபட்ச இருப்பு வைக்காததற்காக நிலுவையில் நின்ற கட்டணத்தை வங்கிகள் அத்தொகையிலிருந்தே எடுத்துக்கொண்டன. நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிக்கை வெளியிட்டு, அவ்வாறு பிடித்தம் செய்யலாகாது என்றும், பாதிக்கப்பட்டோர் முதலமைச்சரின் உதவி மையத்தை 1100 என்ற எண்ணில் அழைக்கலாம் என்றும் தெரிவித்தார். ஆனால் அழைப்பதற்கு முதலில் பிடித்தம் நடந்தது தெரிய வேண்டுமே! புத்தகத்தை அச்சிட்டுப் பார்த்தவர்க்குத்தான் அது தெரிந்திருக்கும்.

இதில் பொதுமக்களை மட்டும் குறைகூறுவது முறையாகாது. புரியாத சுருக்கெழுத்துகளைப் பாஸ் புத்தகத்தில் தவிர்க்க வேண்டும், பணம் எங்கிருந்து வந்தது, யாருக்குச் சென்றது, என்ன கட்டணம் என்னும் விவரங்களைக் குறிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூன் மாதத்திலேயே வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. இன்றும் நம் புத்தகங்களில் "ஏசிஹெச்", "ஏபிபிஎஸ்", "ஏஇபிஎஸ்" என்ற எழுத்துகளே நிற்கின்றன. ஓரிக்கையிலும் பிள்ளையார்பாளையத்திலும் தறி நெய்யும் ஒருவருக்குச் சங்கத்துக் கூலி, எரிவாயு மானியம், உரிமைத் தொகை எல்லாம் ஒரே வீட்டுக் கணக்குகளில் வந்து கலக்கின்றன. அவற்றைப் பிரித்தறிய ஆங்கிலச் சுருக்கங்களை மனப்பாடம் செய்ய வேண்டும் என்றால், அது யாருக்காக அச்சிடப்பட்ட புத்தகம்?

எனினும், விதி நடைமுறைக்கு வரும்வரை காத்திருக்க நோய் இடந்தராது. ஆகவே சிலவற்றை நாமே படிக்கக் கற்க வேண்டும். "ஏபிபிஎஸ்" என்று இருந்தால் அப்பணம் ஆதார் எண்ணின் வழியாக வந்த அரசு உதவி. காசநோய்க்கு மருந்து உண்போர்க்கு ஊட்டச்சத்துக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் வழங்கப்படுவது இவ்வகை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியும் தவணை தவணையாகக் கணக்குக்கே வருகிறது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஆதார் வழியாக வரும் பணம், நாம் விண்ணப்பத்தில் எழுதிய கணக்குக்கு வர வேண்டும் என்பதில்லை. கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை மானியத்துக்காக இணைத்தோமோ அங்கே போகும். 2017-ல் ஏர்டெல் பேமெண்ட்ஸ் வங்கி விவகாரத்தில் நாடே இதைக் கண்டது. கைபேசி எண்ணுக்கு ஆதார் சரிபார்க்கச் சென்றவர்கள் பலருக்கு, அவர்கள் உணர்ந்து ஒப்புதல் தராமலே கணக்கு தொடங்கப்பட்டு, எரிவாயு மானியம் அங்கே போய்ச் சேர்ந்தது. ஆதார் ஆணையம் அந்நிறுவனத்தின் சரிபார்ப்பு அனுமதியை நிறுத்தி வைத்தது. ரிசர்வ் வங்கி 5 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஆதலால் "எனக்கு உதவித்தொகை வரவேயில்லை" என்போர் முதலில் தம் ஆதார் எந்த வங்கியோடு இணைந்துள்ளது என்று பார்க்க வேண்டும். ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் அது தெரியும்; வீட்டுப் பிள்ளைகளின் கைபேசியில் சில நிமிட வேலை.

"நெஃப்ட்" வழியாக வந்த பணமாயின், அதன் குறிப்பு எண்ணின் முதல் நான்கு எழுத்துகள் அனுப்பிய வங்கியைக் காட்டும். காப்பீட்டு நிறுவனம் திருப்பித் தந்த மருத்துவச் செலவு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. பெயர் முழுமையாக அச்சாகாததால் வந்ததே தெரியாமல் மீண்டும் மீண்டும் விண்ணப்பிப்போர் உண்டு.

போன பணத்துக்கு வருவோம். மே மாத இறுதியில் 436 ரூபாய் கழிந்திருந்தால், அது பெரும்பாலும் பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீட்டின் ஆண்டுச் சந்தா. 20 ரூபாய் என்றால் சுரக்‌ஷா விபத்துக் காப்பீடு. 2022 ஜூன் மாதத்துக்கு முன் இவை 330, 12 என்றிருந்தன. "கேட்காமலே பிடிக்கிறார்கள்" என்று சினந்து இதை நிறுத்தச் சொல்வோர் உளர். விரும்பாதவர் நிறுத்தலாம், அது அவர் உரிமை. ஆயினும் நிறுத்துமுன் ஒன்றை அறிய வேண்டும். அந்த 436 ரூபாய், எக்காரணத்தால் மரணம் நேர்ந்தாலும் வாரிசுக்கு 2 லட்சம் ரூபாய் தரும் காப்பீடு. இணைந்தவர் 55 வயது வரை தொடரலாம். குடும்பத் தலைவர் இறந்த பிறகு, பாஸ் புத்தகத்தில் அந்த ஒரு வரியை யாரும் கவனிக்காததால் கோரப்படாமலே போகும் தொகை அது. இறந்தவர் கணக்கை முடிக்கச் செல்வோர், அதற்கு முன் கடந்த மே, ஜூன் மாத வரிகளைப் பார்த்துவிட்டுச் செல்வது நல்லது. மருத்துவமனை மடலில் இதை எழுதுவது சிலருக்கு உறுத்தலாம். எழுதாமல் விடுவது அதைவிடக் கொடிது என்றே கருதுகிறேன்.

சில வேளைகளில் வரவே தவறாக வரும். 2022 மே மாதத்தில் சென்னை தியாகராய நகரில் ஒரு தனியார் வங்கிக் கிளையின் 100 கணக்குகளில் தலா 13 கோடி ரூபாய் இருப்பதாகக் காட்டியது, மென்பொருள் கோளாறு. 2023 நவம்பரில் யூகோ வங்கியில் நேர்ந்தது இன்னும் பெரிது. பிற வங்கிகளில் தோல்வியுற்ற பரிமாற்றங்கள் இங்கே வரவாகிவிட்டன. சுமார் 820 கோடி ரூபாய். கணக்குகளை முடக்கி 649 கோடியை வங்கி சில நாட்களில் மீட்டது. மீதியைத் தேடி மத்தியப் புலனாய்வுத் துறை வந்தது. கையில் காசில்லாத நேரத்தில் கணக்கில் எதிர்பாராத தொகை தோன்றினால், அது தெய்வச் செயலாகத் தோன்றுவது இயல்பே. ஆனால் பிறர் பணமென்று அறிந்தும் எடுத்துச் செலவிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-ஆம் பிரிவின்படி குற்றம். அறுவைச் சிகிச்சைக்கு முந்திய நாள் கணக்கு முடங்கினால் நேரும் துன்பம் அதனினும் உடனடியானது. யாரோ தொலைபேசியில் அழைத்து, "தவறுதலாக அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்" என்று கெஞ்சினாலும் நேரே அனுப்பலாகாது. அது திருட்டுப் பணமாக இருந்தால் நம் கணக்கு அதன் வழித்தடமாகிவிடும். வங்கிக்கு எழுத்தில் தெரிவித்து, வங்கியே திருப்பும்படி கேட்பதுதான் முறை.

மிகுந்த கவலைக்குரியது, நாம் செய்யாத பரிமாற்றத்தில் பணம் போவது. 2017 ஜூலை மாதத்து ரிசர்வ் வங்கி விதிப்படி, வங்கியின் குறையோ வாடிக்கையாளரின் குறையோ அன்றி மூன்றாமவரால் நேர்ந்த இழப்பை, வங்கியிடமிருந்து செய்தி வந்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் முழுத் தொகையும் திரும்பக் கிடைக்க வேண்டும். 4 முதல் 7 நாட்கள் என்றால் இழப்பில் ஒரு பகுதி நம் தலையில். அதற்கும் மேல் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. நல்ல விதிதான். ஆனால் அது நலமாக உள்ளவரை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவரின் கைபேசி அணைந்து அலமாரியில் இருக்கிறது. வங்கியின் குறுஞ்செய்தியை யார் படிப்பது? மருத்துவமனையில் உள்நோயாளியாகக் கழிந்த நாட்களை இந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று விதியையே திருத்த வேண்டும். அது நிகழும்வரை ஒரு வழி உண்டு: வாடிக்கையாளரின் பொறுப்பைத் தள்ளுபடி செய்யும் விருப்புரிமையை அதே விதி வங்கிக்கு அளித்திருக்கிறது. ஆகவே புகாரோடு மருத்துவமனை தரும் டிஸ்சார்ஜ் சுருக்கத்தின் நகலையும் இணைத்து, தாமதத்தின் காரணத்தைச் சொல்லித் தள்ளுபடி கேளுங்கள்.

நோயாளியின் இரகசிய எண்ணை வாங்கிக்கொண்டு ஏடிஎம்முக்கு ஓடுவதும் நம்மிடையே பரவலாக உண்டு. வேறு வழியின்றிச் செய்வதுதான். எனினும் எண்ணைப் பகிர்ந்ததாலேயே இழப்பு நேர்ந்தால், புகார் தரும்வரையிலான சுமை நம்முடையதாகிவிடும். கையெழுத்திட இயலாத நோயாளி, வங்கி அலுவலர் உட்பட இரு சாட்சிகள் முன்னிலையில் கைரேகை வைத்தோ, அதுவும் இயலாதெனில் கால்விரல் ரேகை வைத்தோ பணம் எடுக்கவும், யார் வாங்கிச் செல்வார் என்று குறிக்கவும் ரிசர்வ் வங்கி இடமளித்துள்ளது. 70 வயதைக் கடந்தோர்க்கும் நோயால் நலிந்தோர்க்கும் வீடு தேடி வந்து சேவை செய்யும்படியும் 2017-ல் பணித்தது. கிளை மேலாளரிடம் இதைக் கேட்பது சலுகை கேட்பதன்று.

இணைய வழித் திருட்டு என்று ஐயம் எழுந்த கணமே 1930 என்ற எண்ணை அழைத்துப் பதிவு செய்யுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகருமுன் தடுக்க வாய்ப்புண்டு. வங்கிக்குத் தரும் கடிதத்தில் நாள், தொகை, புத்தகத்தில் உள்ள குறிப்பு எண் மூன்றையும் அவ்வாறே எழுதி, "இது யாரிடமிருந்து, எந்த உத்தரவின் பேரில்" என்று தமிழிலேயே கேளுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் பெறாமல் கிளையை விட்டு வர வேண்டாம். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, அந்த நகலுடன் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். விவரம் கேட்க எண் 14448.