வீடூர் அணை: தூர் எடுத்தால்தான் நீர்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே சங்கராபரணி என்கிற வராக நதியும் தொண்டி ஆறும் கூடும் இடத்தில் நிற்கிறது வீடூர் அணை. காமராஜர் முதல்வராக இருந்தபோது, 1958-59-ல் கட்டப்பட்டது. உயரம் 32 அடி. கொள்ளளவு 605 மில்லியன் கன அடி. தமிழகத்தில் 2,200 ஏக்கரும் புதுச்சேரியில் 1,000 ஏக்கரும் இதன் பாசனம்.

இந்த எண்களை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அணை ஒருமுறை முழுதாக நிரம்பினால் ஏக்கருக்குச் சுமார் 1.89 லட்சம் கன அடி நீர். வயலில் நிறுத்தினால் ஏறக்குறைய 4 அடி 4 அங்குலம், அதாவது 1,300 மி.மீ. ஒரு போக நெல்லுக்குச் சுமார் 1,200 மி.மீ. வேண்டும். வெயிலில் ஆவியாவது, வாய்க்காலில் கசிவது போக, நிரம்பிய அணையே ஒரு போகத்துக்கு மட்டுமட்டுதான்.

இந்த நிலையில் அணையில் பத்தில் ஒரு பங்கை வண்டல் அடைத்துக்கொண்டால், 320 ஏக்கருக்கான நீரை முதலிலேயே இழந்துவிடுகிறோம். அந்த இழப்பு கடைமடைக்காரர் தலையில்தான் விழும். அணையில் நீர் நின்றால்தான் சுற்றுவட்டாரக் கிணறுகளும் ஊறும். ஊருக்குக் குடிநீர் தரும் கிணறுகளும் அதே ஊற்றைத்தான் நம்பியிருக்கின்றன.

மழை இல்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 2024-ல் பெஞ்சல் புயலின்போது அருகிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. கொட்டியது. அப்படி வரும் வெள்ளத்தைப் பிடித்து வைக்க இடம் வேண்டும். வெள்ளமும் சும்மா வருவதில்லை, மேட்டு நிலத்து மண்ணையும் அரித்துக்கொண்டு வருகிறது.

ஏரி, குளங்களின் வண்டலை விவசாயிகள் வட்டாட்சியர் அனுமதியுடன் இலவசமாக எடுக்கலாம் என்று அரசு 2024-ல் நடைமுறையை எளிதாக்கியது. நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர். உங்கள் பகுதியில் எந்தெந்த நீர்நிலைகள் அறிவிக்கப்பட்டுள்ளன என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். மணற்பாங்கான நிலத்துக்கு வண்டல் நல்ல உரம். ஈரத்தையும் பிடித்து வைக்கும்.

ஆனால் இதுவே போதும் என்று அரசு கைகட்டி நிற்கக் கூடாது. 3,200 ஏக்கரும் ஏக்கருக்கு 75 கன மீட்டர் எடுத்தாலும், கிடைக்கும் இடம் சுமார் 85 லட்சம் கன அடிதான். மொத்தக் கொள்ளளவில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கூட இல்லை. எனவே நீர்வளத் துறை முதலில் அணையை அளந்து, இன்றைய உண்மையான கொள்ளளவை மக்களுக்குச் சொல்ல வேண்டும். பிறகு கோடையில் தண்ணீர் வற்றும் மாதங்களில் ஆண்டுதோறும் தூர் எடுக்க வேண்டும். பயன் இரு மாநிலத்துக்கும் என்பதால் புதுச்சேரியும் செலவில் தோள் கொடுப்பது நியாயம்.

நம் பங்கும் உண்டு. மதகு திறக்கும் முன் வாய்க்காலைச் செதுக்கி வைப்போம். அணை நிரம்பாத ஆண்டில் நெல்லுக்குப் பதில் மணிலாப் பயிருக்கு மாறினால், பாதிக்கும் குறைவான நீரே போதும். மேல்மடைக்காரர் மிச்சம் பிடிக்கும் நீர்தான் கடைமடைக்காரரின் விளைச்சல்.