நீங்கள் ‘இன்சார்ஜ்’ என்றால்... முடிவெடுப்பது யார்?

சின்னமனூர் பக்கத்திலுள்ள மார்க்கையன்கோட்டையில் தெருவிளக்கு எரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனால் நாம் கேட்பது ஒன்றுதான்: “இதுக்கு யாருங்க இன்சார்ஜ்?” அங்கே மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர் இருக்கிறார், அரசு நியமித்த செயல் அலுவலர் இருக்கிறார், ஏணியோடு வந்து பல்பு மாட்டுகிறவரும் இருக்கிறார். மூவரில் யாரைக் காட்டினாலும் அந்தச் சொல் பொருந்திவிடும். நமக்கும் புரிந்துவிடும்.

அதே ஊர்க்காரர் ஒருவர் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து, லண்டன் கிளையண்டுக்கு ‘ஐ ஆம் தி இன்சார்ஜ்’ என்று மெயில் போட்டால்? இன்சார்ஜ் என்பதை ஒரு ஆளின் பெயராக வைத்திருப்பது நம்ம ஊர் ஆங்கிலம். அங்கே ‘தி பர்சன் இன் சார்ஜ்’ என்பார்கள். அல்லது ‘ஐ ஆம் இன் சார்ஜ் ஆஃப் பில்லிங்’. நடுவில் ஒரு ‘தி’ நுழைந்தால் கதையே தலைகீழ். ‘இன் சார்ஜ் ஆஃப்’ என்றால் பார்த்துக்கொள்பவர், ‘இன் தி சார்ஜ் ஆஃப்’ என்றால் பார்த்துக்கொள்ளப்படுபவர்!

இலக்கணம் இவ்வளவுதான். மரியாதைக்கு ஃபார்மல், நண்பர்களுக்கு இன்ஃபார்மல் என்று ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளில் சொல்லித் தருவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவு அதிகாரத்தைச் சொல்கின்றன. அதைக் கவனிக்காமல் விட்டால் அப்ரைசலில்தான் தெரியும்.

நம் அரசியலில் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. 2016 அக்டோபரில் ஜெயலலிதா மருத்துவமனையில் இருந்தபோது, அவரிடம் இருந்த துறைகள் தேனி மாவட்டத்துக்காரரான ஓ.பன்னீர்செல்வத்துக்கு மாற்றப்பட்டன. அமைச்சரவைக் கூட்டத்துக்கும் அவரே தலைமை வகிப்பார் என அறிவிக்கப்பட்டது. ஆனால், முதல்வர் ஜெயலலிதாதான். அறிவித்த ஆளுநர் வித்யாசாகர் ராவுக்கும் சொந்தப் பதவி மகாராஷ்டிரம். தமிழ்நாடு கூடுதல் பொறுப்பு. ஆக, ஒரு ‘பொறுப்பு’ இன்னொரு ‘பொறுப்பை’ ஒப்படைத்தது. ஆங்கிலத்தில் இந்த இருவரையும் ‘ஹெட்’ என்றும் சொல்ல முடியாது, ‘பாஸ்’ என்றும் சொல்ல முடியாது. ‘இன் சார்ஜ்’ மட்டும்தான் இருவருக்கும் சரியாக உட்காரும்.

அரசு அலுவலகங்களுக்கு இது எப்போதோ தெரிந்துவிட்டது. பதவிப் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘பொறுப்பு’ என்று போட்டால், நாற்காலி வேறொருவருடையது, தற்சமயம் இவர் பார்க்கிறார் என்று அர்த்தம். தனியார் கம்பெனியில் அந்த அடைப்புக்குறி கிடையாது. மேனேஜர் லீவில் போன 2 மாதம் டீமைப் பார்த்துக்கொண்டவர் ‘ஐ ஹெட் தி டீம்’ என்று ரெஸ்யூமேயில் எழுதினால், இன்டர்வியூவில் அடுத்த கேள்வி வரும்: “எத்தனை பேரை வேலைக்கு எடுத்தீங்க? பட்ஜெட் எவ்வளவு?” அவ்வளவுதான், மாட்டிக்கொண்டார்.

ரொம்ப ஆபத்தானது ‘ரெஸ்பான்சிபிள்’. கேட்க கௌரவமாக இருக்கும். ‘ஐ ஆம் ரெஸ்பான்சிபிள் ஃபார் தி சர்வர்’ என்றால் சர்வர் என் பொறுப்பு. பின்னால் ‘கிராஷ்’ என்ற ஒரே ஒரு வார்த்தை சேர்ந்தால், கெடுத்தது நான்தான் என்று கையெழுத்துப் போட்ட மாதிரி. முடிவெடுத்தது மேலே இருப்பவர், மெயிலில் ‘ரெஸ்பான்சிபிள்’ என்று எழுதி வைத்தது நீங்கள் என்றால், பழி யார் பக்கம் வரும்?

சாதாரணப் பேச்சு வழக்குச் சொற்களில் இந்தச் சிக்கல் குறைவு. ‘ஐ லுக் ஆஃப்டர் சென்னை அக்கவுண்ட்ஸ்’ என்பது பிரிட்டிஷ் அலுவலகங்களில் சகஜம். பணிவாகவும் இருக்கும், பொய்யும் இல்லை. ‘ஐ ரன் தி டீம்’ என்பது தினசரி நடத்துவது உண்மையிலேயே நீங்கள்தான் என்றால் தாராளமாகச் சொல்லலாம். ‘ஐ கால் தி ஷாட்ஸ்’ மட்டும் வேண்டாம். ‘இங்கே நான் வச்சதுதான் சட்டம்’ என்கிற தொனி அதில் வந்துவிடும். அதை அடுத்தவர் உங்களைப் பற்றிச் சொன்னால்தான் அழகு.

அந்த 2 மாதத்தை மறைக்கவும் தேவையில்லை. ‘மேனேஜர் விடுப்பில் இருந்தபோது 6 பேர் கொண்ட டீமுக்கு ஆக்டிங் லீட்’ என்று எழுதலாம். ‘ஆக்டிங்’ என்றால் நடிப்பு என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.