பாக் பெயரைச் சொல்லி சபையின் வாயைக் கட்டாதீர்கள்

தவக்காலம் வந்தால் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்ற ஆரம்பித்துவிடும். பெரிய வெள்ளியன்று நாம் பாடும் "இரத்தம் காயம் குத்தும்" என்ற ஞானப்பாட்டுக்கு இசையமைத்தவர் மாமேதை யோகான் செபாஸ்தியான் பாக் என்று. தவறான செய்திதான், போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் நம் பக்கத்துச் சபை ஒன்றில் (பெயர் வேண்டாம்) அது சட்டமாகவே ஆகிவிட்டது. அந்தப் பாட்டைப் பாடகர் குழு மட்டும் நாலு குரலில் பாடுமாம், சபையார் உட்கார்ந்து கேட்க வேண்டுமாம். ஏன் என்று கேட்டதற்குக் கிடைத்த பதில்: "இது பாக் பாட்டு, சார். எல்லாரும் சேர்ந்து இழுத்தால் கெட்டுப்போகும்."

ஆயுள் முழுக்கத் தப்பான விடைகளைச் சிவப்பு மையில் சுழித்தவன் நான். இதையும் சுழிக்காமல் இருக்க முடியவில்லை.

அந்த மெட்டு பாக்குடையது அல்ல. ஹான்ஸ் லியோ ஹஸ்லர் என்பவர் 1601-இல் வெளியிட்ட காதல் பாட்டின் மெட்டு அது. ஒரு பெண்ணை நினைத்து மனம் கலங்கியவன் பாடுவது. பவுல் கெர்ஹார்ட் 1656-இல் எழுதிய சிலுவைப் பாட்டு அந்த மெட்டில்தான் ஏறி உட்கார்ந்தது. பாக் பிறந்ததோ 1685-இல். அவர் தொட்டிலில் கிடந்தபோதே ஜெர்மனியில் ஜனங்கள் அதைப் பாடிக்கொண்டிருந்தார்கள். அதைத் தமிழுக்குக் கொண்டுவந்ததும் பாக் அல்ல. ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழாக்கிய பெரும்பணி தரங்கம்பாடி மிஷன்காரர்களுடையது. அவர்களில் முதன்மையானவர் வேப்பேரியில் பல்லாண்டு வாழ்ந்த பப்ரிசியஸ்.

அப்படியானால் பாக் என்னதான் செய்தார்? மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசைப் பாருங்கள். பாறையைச் சிற்பி உண்டாக்கவில்லை. கிடந்த பாறையில் யானையையும் தவசியையும் கண்டு செதுக்கினான். பாக்கும் அப்படித்தான். ஊரார் பாடிய மெட்டை மேலே வைத்து, கீழே மூன்று குரல்களைச் செதுக்கினார். அவர் பெயரில் அச்சான சுமார் 370 ஞானப்பாட்டு அமைப்புகளில் பெரும்பாலானவற்றின் மெட்டு பிறருடையது. இதனால் அவர் பெருமை ஒரு துளியும் குறையாது.

இன்னொன்று. "பாக் வைத்ததை மாற்றக் கூடாது" என்கிறார்களே, பாக்கே மாற்றினாரே! 1727-இல் லைப்சிக் நகரில் அரங்கேறிய மத்தேயு பாடுகளின் இசையில் இந்த மெட்டு ஐந்து இடங்களில் வருகிறது. இடத்துக்குத் தக்கபடி சுருதி மாறும், துணைக்குரல்கள் மாறும். 1734-இல் கிறிஸ்துமஸ் காலத்துக்கென்று எழுதிய பெரிய படைப்பில், அதே மெட்டை எக்காளமும் முரசும் முழங்க வெற்றிப் பாட்டாக்கி முடிக்கிறார். துக்க வெள்ளியின் மெட்டு கொண்டாட்டத்துக்கு! நம் குழுவினர் அங்கே இருந்திருந்தால் அவருக்கே நோட்டீஸ் அனுப்பியிருப்பார்கள்.

உண்மையிலேயே அவருக்கு ஒரு முறை கண்டனம் வந்தது. 1706-இல், ஆர்ன்ஷ்டாட் ஊரில் இருபது வயதுக்காரராக ஆர்கன் வாசித்தபோது, ஞானப்பாட்டில் புரியாத சுரங்களைக் கலந்து சபையைக் குழப்புகிறீர் என்று சபை அதிகாரிகள் கூப்பிட்டுக் கேட்டார்கள். அதே வருஷம் ஜூலையில்தான் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கினார். அந்தக் கண்டனம் சொல்வது என்ன? வாசிப்பவன் பாக்காகவே இருந்தாலும் சபை பாட முடியவேண்டும். ஞானப்பாட்டு உண்டானதே அதற்காகத்தான். குருமாரும் பாடகரும் மட்டுமல்ல, சாதாரண ஜனமும் தன் பாஷையில் பாடட்டும் என்றுதான் லூத்தர் அதைக் கையில் எடுத்தார்.

இதைக் கேட்டு எதிர்க்கட்சி கைதட்ட வேண்டாம். "வெள்ளைக்காரன் மெட்டு, இழுவைப் பாட்டு, தூக்கி எறிவோம்" என்று கீபோர்டில் ரிதத்தைத் தட்டிவிட்டு, ஆளுயர ஸ்பீக்கரில் நாலு பேர் மட்டும் பாடுகிறீர்களே, அங்கே மட்டும் சபையின் குரல் கேட்கிறதா? ஒருவர் கௌரவத்தால் வாயை அடைக்கிறார், மற்றவர் சத்தத்தால் அடைக்கிறார்.

ஞானப்பாட்டில் குறை இல்லை என்று தமிழ் வாத்தியார் நான் சொல்லமாட்டேன். ஜெர்மன் மெட்டுக்குள் தமிழைத் திணித்ததில் குறில் நீள்கிறது, நெடில் குறுகுகிறது, சொல் பாதியில் உடைகிறது. வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனையில் அந்த நெருடல் கிடையாது. ஆனாலும் இரண்டு நூற்றாண்டுக்கு மேலாக நம் தொண்டைகள் அதைத் தேய்த்து வழவழப்பாக்கிவிட்டன. செங்கல்பட்டிலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை, ஆர்கன் இல்லாத சின்னக் கோயில்களில், எழுத்தறியாத பாட்டிமார் புத்தகம் இல்லாமலே எல்லாச் சரணங்களையும் பாடிக் கேட்டிருக்கிறேன். சுரத்துக்குச் சுரம் தாவாமல், வழுக்கி இறங்கும் ஒரு குழைவு அவர்கள் பாட்டில் இருக்கும். அது பிழையல்ல. ஹஸ்லர் மெட்டுக்கு பாக் ஒன்று சேர்த்தார், நம் பாட்டிமார் ஒன்று சேர்த்தார்கள். அந்தக் குரல்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வருகின்றன. இருக்கிறவர்களையும் பேசாமல் உட்காரச் சொன்னால், அடுத்த தலைமுறை யாரிடம் கற்கும்?

பாடகர் குழுவிலுள்ள பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நாலு குரல் கற்றுக்கொள்ளுங்கள், நல்லது, கடினமான வித்தை. பெரிய வெள்ளி மூன்று மணி நேர ஆராதனையில் ஒரு சரணத்தை நீங்கள் தனியாகப் பாடுங்கள். மற்றவற்றில் மெட்டைச் சபைக்கு விட்டுவிட்டு, உங்கள் மூன்று குரல்களை அதற்கு அடியில் தாங்கலாக வையுங்கள். கீபோர்டின் சத்தத்தைப் பாதியாகக் குறையுங்கள். அதுதான் பாக் செய்த வேலை.

சபையாருக்கு: எழுந்து நிற்கச் சொல்லும்வரை காத்திருக்காதீர்கள். பாட்டு உங்களுடையது. பாடுங்கள்.